கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்: வரையும்போது இரண்டையும் சேர்ப்பது எப்படி

வரையப் பழகுகிற யாரைக் கேட்டாலும் முதலில் கையைத்தான் திட்டுவார்கள். கோடு நேராக வரமாட்டேன் என்கிறது, கை நடுங்குகிறது, மனசில் இருப்பது தாளில் இறங்க மறுக்கிறது என்று புகார் நீளும். ஆனால் இதே ஆள் மூன்று மில்லிமீட்டர் உயர எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார், ஊசியில் நூல் கோர்க்கிறார், சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்க்காமலே போட்டுக்கொண்டு பேசியபடி வெளியே கிளம்புகிறார். இவ்வளவு நுணுக்கம் தெரிந்த கை ஒரு கப்பை வரையும்போது மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? கையில் பெரிதாகக் கோளாறு இல்லை. கண் அனுப்புகிற தகவல் வழியில் எங்கேயோ மாறிப்போகிறது. கை, பாவம், வந்து சேர்ந்ததை அப்படியே போட்டு வைக்கிறது.

நானும் பல வருடம் கைக்குத்தான் பயிற்சி கொடுத்தேன். நோட்டு நோட்டாக வட்டம், நேர்கோடு, எட்டு. வட்டம் அழகாக வந்தது, ஆள் முகம் மட்டும் வரவே இல்லை. எங்கே பார்க்கிறேன், எப்போது பார்க்கிறேன், பார்த்து எத்தனை நொடி கழித்துப் பென்சிலை நகர்த்துகிறேன் என்று கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பார்ப்பதற்கும் கோடு போடுவதற்கும் நடுவில் இருக்கிற நேரம்தான் படத்தைக் கெடுக்கிறது. அந்த நேரத்தைக் குறைப்பது எப்படி என்பதுதான் கீழே வருவதில் பெரும்பகுதி.

தெரிந்ததும் தெரிவதும்

தமிழில் ‘தெரியும்’ வசதியான ஒரு சொல். அறிந்திருப்பதும் தெரியும்தான், கண்ணில் படுவதும் தெரியும்தான். பேச்சுக்கு இது நல்லது, வரைபவருக்கு இதுதான் வில்லங்கம். கப்பின் வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து மேஜைமேல் இருக்கிற கப்பைப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிவது நசுங்கிய நீள்வட்டம். வரைகிற நேரத்தில் இந்த இரண்டுக்கும் சண்டை வந்து, ஆளுக்குப் பாதி என்று சமரசமாகி, கண்ணில் பட்டதைவிடக் கொஞ்சம் உருண்டையான ஒரு வாய் தாளில் வந்து உட்கார்ந்துவிடும். அடிப்பக்கம் மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும் என்பதால் அதை நேர்கோடாகவே போட்டுவிடுவோம். உண்மையில் கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட இன்னும் அதிகமாக வளைந்து தெரியும், ஏனென்றால் அது கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல், அதில் தெரியும் உங்கள் முகத்தின் வெளிக்கோட்டைக் கண்ணாடிமேலேயே அழிக்கக்கூடிய மார்க்கரால் இழுங்கள். ஆவி படிந்திருந்தால் விரலே போதும். அப்புறம் ஸ்கேலை எடுத்து அந்தக் கோட்டின் உயரத்தையும் உங்கள் முகத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள். கோடு பாதிதான் இருக்கும். கொஞ்சம் தள்ளி நின்று கையை நீட்டி வரைந்தாலும் அதே பாதிதான். நீங்கள் கண்ணாடிக்கு எவ்வளவு முன்னால் நிற்கிறீர்களோ அவ்வளவு பின்னால் பிம்பம் இருக்கிறது, கண்ணாடிப் பரப்பு சரியாக நடுவில் வருகிறது, அதனால் அந்தப் பரப்பில் படம் பாதி அளவில் விழுகிறது. தினமும் பல் தேய்க்கும்போது பார்க்கிற முகம், அது இவ்வளவு சின்னதாகத்தான் தெரிகிறது என்று ஒருநாளாவது தோன்றியிருக்கிறதா? எனக்குத் தோன்றியதில்லை. முதல்முறை அளந்தபோது ஸ்கேலைத் தப்பாகப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூளை செய்கிற இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. தூரத்தில் போகிறவர் திடீரென்று குள்ளமாகிவிட்டார் என்று நினைத்தால் ரோட்டைக் கடக்கவே முடியாது. ஆனால் வரையும்போது இந்தத் திருத்தத்தை ஓரமாக நிறுத்தி வைத்தாக வேண்டும். கண்ணை உருட்டி விழித்துப் பார்த்தால் மட்டும் அது நின்றுவிடாது, அதற்குச் சில கைவழிகள் உண்டு.

கண் மேயக்கூடாது

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். விழித்திரையின் நடுவே கூர்மையாகப் பார்க்கிற குட்டிக் குழி ஒரு நேரத்தில் பிடிப்பது ஏறத்தாழ அவ்வளவு இடத்தைத்தான், 2 டிகிரி போல. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் போகப் போக மங்கல். நமக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம், கண் நொடிக்கு மூன்று முறை போல இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருப்பதும், தாவுகிற கணத்தின் கலங்கலை மூளை நமக்குக் காட்டாமல் மறைத்துவிடுவதும்தான். ஆக, ‘முழு முகத்தையும் பார்த்தேன்’ என்று சொல்லும்போது நாம் பார்த்திருப்பது ஐந்தாறு நகத்தளவுத் துண்டுகளை. இடைப்பட்டதெல்லாம் ஊகம்.

கண் எங்கே தாவும் என்பது நீங்கள் மனசுக்குள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆல்ஃபிரட் யார்பஸ் என்ற சோவியத் ஆய்வாளர் ஒரே ஓவியத்தைக் காட்டி, இதில் இருப்பவர்களுக்கு என்ன வயதிருக்கும், இந்தக் குடும்பம் எவ்வளவு வசதியானது என்று வேறு வேறு கேள்வி கேட்டு, பார்ப்பவரின் கண் போன பாதையைப் பதிவு செய்தார். ஒரே ஆள், ஒரே படம், கேள்வி மாறினால் பாதையே மாறிப்போனது. வயதைக் கேட்டால் கண் முகங்களுக்குப் போகிறது, வசதியைக் கேட்டால் துணிமணிக்கும் சாமான்களுக்கும் போகிறது. கேள்வியே இல்லாமல் பார்த்தால் கண் சும்மா மேய்ந்துவிட்டு வரும், கைக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றும் இருக்காது.

வரைபவருக்குத் தேவையான கேள்விகள் நாலைந்துதான். இந்த விளிம்பு எந்தப் பக்கம் சாய்கிறது? எங்கே திரும்புகிறது? இது அதைவிட எத்தனை மடங்கு நீளம்? இதற்கு நேர் கீழே என்ன வருகிறது? எது இருட்டு, எது வெளிச்சம்? ஒரு பார்வைக்கு ஒரு கேள்வி. இரண்டு கேள்வியோடு போனால் இரண்டுக்கும் அரைகுறைப் பதில்தான் வரும்.

அடுத்த சிக்கல், கண்ணுக்கு இரண்டு வேலை இருக்கிறது. பொருளையும் பார்க்க வேண்டும், தாளில் கை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. தாளைப் பார்க்கிற நேரமெல்லாம் பொருள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது, அந்த ஞாபகமோ மிகச் சின்னப் பை, மூன்று நான்கு விஷயம் போட்டால் நிரம்பிவிடும், சில நொடியில் ஓட்டை வழியாக ஒழுகியும்விடும். புதிதாக வரைகிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். பொருளைப் பத்து நொடி வெறித்துப் பார்ப்பார், குனிவார், அப்புறம் ஒரு நிமிடம் தலையே நிமிராது. முதல் இரண்டு கோடு பார்த்தது, மிச்சம் பதினைந்து கோடு தெரிந்தது. கப் என்றால் இப்படித்தான் இருக்கும், மூக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிற பழைய சரக்கு.

கைதேர்ந்தவர்கள் வேறு மாதிரி. ஹம்ஃப்ரி ஓஷன் என்கிற பிரிட்டிஷ் ஓவியர் ஆளை உட்கார வைத்து முகம் வரைந்துகொண்டிருந்தபோது, ஜான் சாலென்கோ என்பவர் அவருடைய கண் அசைவுகளைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார். சாதாரணமாகப் பார்க்கும்போது கண் வழக்கம்போலத் தாவுகிறது. வரைய ஆரம்பித்ததும், எதிரே இருப்பவரின் முகத்தில் ஒரே ஒரு புள்ளியில் போய் நிலையாக நிற்கிறது, வழக்கத்தைவிட அதிக நேரம், பிறகு நேரே தாளுக்கு வருகிறது, ஒரு துண்டு வரைந்ததும் மறுபடி முகம். திரும்பத் திரும்ப இதே போக்குவரத்துதான்.

கப்பின் கைப்பிடியில் ஒரு நிமிடம்

இதைச் சொன்னால் சுலபமாகத் தெரியும், செய்தால்தான் எவ்வளவு அவசரப்படுகிறோம் என்று புரியும். கைப்பிடி வைத்த கப் ஒன்றை எடுத்து, கைப்பிடி பக்கவாட்டில் தெரியும்படி முன்னால் வையுங்கள். உடம்பை வரைந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், கைப்பிடிதான் பாக்கி.

கைப்பிடி மேலே கப்போடு ஒட்டுகிற இடத்தில் கண்ணை வையுங்கள். கேள்வி: கப்பின் உயரத்தில் இது எங்கே இருக்கிறது? விளிம்பிலிருந்து கால்வாசி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்கு வாருங்கள், அந்த இடத்தில் ஒரு சின்னப் புள்ளி. மறுபடி மேலே, அதே புள்ளி. கேள்வி: இங்கிருந்து வெளிக்கோடு எந்தத் திசையில் கிளம்புகிறது? பெரும்பாலும் நாம் வரைகிற மாதிரி நேரே பக்கவாட்டில் போகாது, லேசாக மேல்நோக்கி எழும்பிவிட்டுத்தான் வளையும். அந்தச் சாய்வை மட்டும் கண்ணில் பிடித்துக்கொண்டு தாளுக்கு வந்து ஒரு சென்டிமீட்டர் போடுங்கள், நிறுத்துங்கள். பென்சிலை எடுக்க வேண்டாம், முனை தாளிலேயே இருக்கட்டும். மறுபடி மேலே. கேள்வி: எங்கே கீழே திரும்புகிறது? அந்தத் திருப்பம் வரைக்கும் ஒரு துண்டு. நிறுத்தம். மறுபடி மேலே. இப்போது கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட நேராகவே இறங்குகிறது என்று கவனிப்பீர்கள், நாம் எல்லாரும் அங்கே அரைவட்டம் போட்டு வைத்திருப்போம். அது முடிந்ததும் உள்நோக்கித் திரும்பிக் கப்பில் போய்ச் சேரும் இடம். ஆக மொத்தம் ஐந்தாறு துண்டு, ஐந்தாறு பார்வை, ஒரு பார்வைக்கு ஒன்றிரண்டு நொடி.

அப்புறம் உள்விளிம்பு. இதற்கு ஒரு சுலபமான வழி, கைப்பிடியை மறந்துவிட்டு, விரல் நுழைகிற ஓட்டை என்ன வடிவம் என்று பாருங்கள். ஓட்டைக்குப் பெயர் கிடையாது, அதைப் பற்றி மனசில் பழைய சரக்கும் கிடையாது, அதனால் கண் பார்ப்பதைத்தான் கை போடும். நாற்காலி வரையும்போதும் இதே வழிதான். கால்களை வரையாதீர்கள், கால்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடங்களை வரையுங்கள், கால்கள் தானாக வந்து நிற்கும்.

உட்காருகிற விதத்திலேயே பாதி வேலை

பார்த்ததும் போட வேண்டும் என்றால் பார்வை போய் வருகிற தூரம் குறைவாக இருக்க வேண்டும். மேஜையில் தாளைத் தட்டையாக வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் பொருளைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைத் தூக்கித் தாழ்த்தினால், இரண்டு நிமிடத்தில் கழுத்துக்குச் சோம்பல் வந்துவிடும், பிறகு நிமிரவே மாட்டீர்கள். ஒரு பலகையில் தாளைக் கிளிப் போட்டு, கீழ்ப்பக்கத்தை மடியிலும் பின்பக்கத்தை மேஜை விளிம்பிலும் சாய்த்து, பொருள் பலகையின் விளிம்புக்கு மேலேயோ பக்கத்திலேயோ தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தலை அசையாமல் விழி மட்டும் போய் வர வேண்டும். வலக்கைக்காரர்கள் பொருளை இடப்பக்கம் வைப்பது நல்லது, இடக்கைக்காரர்கள் வலப்பக்கம், இல்லாவிட்டால் வரைகிற கையே பொருளையும் கோட்டையும் மறைத்துக்கொண்டு நிற்கும். விளக்கும் அப்படியே, கையின் நிழல் முனைமேல் விழாத பக்கத்தில்.

தாளைத் தட்டையாக வைத்து வரைவதில் இன்னொரு பொல்லாத விஷயம் இருக்கிறது. தாளின் மேல்பாதி கண்ணுக்குத் தூரத்தில் இருப்பதால் குறுகித் தெரியும், அதைச் சரிக்கட்டுவதற்காகக் கை அங்கே கொஞ்சம் நீட்டிப் போடும். வரையும்போது எல்லாம் சரியாகத் தெரியும், முடித்து நிமிர்த்திப் பிடித்தால் தலை மட்டும் வளர்ந்திருக்கும். நான் ஒருமுறை நின்றுகொண்டிருக்கும் ஒருவரைப் பெரிய தாளில், மேஜைமேல் கவிழ்ந்து படுத்த மாதிரி உட்கார்ந்து மூன்று மணி நேரம் வரைந்தேன். தூக்கிச் சுவரில் வைத்ததும் பார்த்த எல்லாருக்கும் சிரிப்பு, எனக்கு மட்டும் அழுகை. பலகையைச் சாய்த்து, பார்வை தாளில் ஏறத்தாழ நேராக விழும்படி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தாளைப் பார்க்காமல் வரைவது

இதை ஓவிய வகுப்புகளில் வெகுநாளாகச் செய்ய வைக்கிறார்கள், பலர் ஒருமுறை செய்து, வந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வரையாத கையை மேஜைமேல் விரல் மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். தாள் கண்ணில் படாதபடி உடம்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு இடத்தைப் பிடித்து, கண் அந்த விளிம்பில் எறும்பு மாதிரி ஊர வேண்டும், பென்சில் அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். கண் ஒரு மடிப்பில் ஏறினால் பென்சிலும் ஏற வேண்டும். கண் முந்திக்கொண்டு அடுத்த விரலுக்குப் போய்விட்டால் பென்சிலை நிறுத்தி, கண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டுத் தொடருங்கள். ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு விரல்தான் முடிந்தது என்றால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், முழுக் கையும் முடிந்துவிட்டது என்றால் ஓடியிருக்கிறீர்கள்.

வந்த படத்தைப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும். துண்டு துண்டாகப் பார்த்தால் அருமையாக இருக்கும், நகத்தின் வளைவு, கணுவின் மேல் மூன்று சுருக்கம், எல்லாம் உயிரோடு இருக்கும். சேர்த்துப் பார்த்தால் விரல் ஒரு ஊரில், மணிக்கட்டு ஒரு ஊரில் கிடக்கும். வடிவத்தைக் கண்ணிலிருந்து கைக்கு நேராகக் கொடுக்கலாம், அதற்குத் தாளைப் பார்க்க வேண்டியதே இல்லை. இடத்தைக் கொடுக்கத்தான் தாளைப் பார்க்க வேண்டும். இது புரிந்துவிட்டால் எப்போது எங்கே பார்ப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதனால் அடுத்த படி, நான் இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாளாவது செய்வது: பென்சில் நகரும்போது கண் பொருளில் இருக்க வேண்டும், கண் தாளுக்கு வரும்போது பென்சில் நின்றிருக்க வேண்டும். தாளைப் பார்ப்பது முனை எங்கே நிற்கிறது, அடுத்த துண்டு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க மட்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், கண் திருட்டுத்தனமாகத் தாளுக்கு ஓடும். ஒரு மாதம் போனால், நான் மேலே சொன்ன கப் முறைக்கும் இதற்கும் நடுவில், உங்களுக்கே உரிய ஒரு தாளம் வந்துவிடும். சிலர் கோட்டின் முக்கால்வாசியைப் பொருளைப் பார்த்தே போடுவார்கள், சிலர் பாதியில் தாளுக்கு வருவார்கள். எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை.

கையின் பக்கத்து நியாயம்

கையை இவ்வளவு நேரம் காப்பாற்றிப் பேசினாலும், அதற்கும் சில சொல்லித்தர வேண்டும். முதலில் நடுக்கம். ஆரோக்கியமான எந்தக் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரை மிக நுண்ணிய நடுக்கம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அது நோயில்லை. கோட்டை மெதுவாக இழுத்தால் அந்த நடுக்கம் முழுக்கத் தாளில் பதியும், கொஞ்சம் வேகமாக இழுத்தால் கோட்டின் நீளத்தில் கரைந்துவிடும். கூடவே, கண் ஒரு தப்பைப் பார்த்து, அது கைக்குப் போய், கை திருந்துவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆகிவிடுகிறது. மெதுவாக இழுக்கிறவர் வழியெல்லாம் திருத்திக்கொண்டே போகிறார், திருத்தம் ஒவ்வொன்றும் ஒரு சின்ன நெளிவாக விழுகிறது. ஆகவே நீளக் கோட்டுக்கு முடிவைக் கிளம்புவதற்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும், வழியில் யோசிக்கக் கூடாது.

இப்படிச் செய்யுங்கள்: தாளில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி. பென்சிலை முதல் புள்ளியில் வைத்துவிட்டு, கண்ணை இரண்டாவது புள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். தாளில் படாமல் இரண்டு மூன்று முறை காற்றிலேயே இழுத்துப் பாருங்கள், அப்புறம் ஒரே இழுப்பு. கண் முனையைத் துரத்தக் கூடாது. ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது ஜக்கையா பார்க்கிறோம், டம்ளரைத்தானே? பத்துக் கோட்டில் ஏழு இரண்டாவது புள்ளியைத் தொட்டால் போதும். முனையைப் பார்க்க வேண்டிய இடமும் உண்டு: ஏற்கெனவே இருக்கும் கோட்டில் போய் ஒட்டும்போதும், விளிம்பை ஒட்டி ஷேடிங் கொடுக்கும்போதும்.

மூட்டு விஷயம் சுருக்கமாக. விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள், ஒவ்வொன்றும் ஒரு காம்பஸ். மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு நீளக் கோடு இழுத்தால் அது வளைந்தே தீரும், ஏனென்றால் அதன் ஆரம் சின்னது. நீளக் கோட்டுக்கு முழங்கையும் தோளும், நகம் இமை போன்ற சின்ன வேலைக்கு விரல். பென்சிலை எழுதும்போது பிடிக்கிற மாதிரி முனைக்குப் பக்கத்தில் பிடித்தால் விரல்தான் வேலை செய்யும். நடுவிலோ பின்னாலோ பிடித்தால் தோள் தானாக வேலைக்கு வரும், முனையைக் கையே மறைப்பதும் குறையும். வளைவு உங்கள் கைக்கு வசதியில்லாத பக்கம் திரும்பினால் தாளைத் திருப்புங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

கண்ணளவை நம்பாத நேரம்

எவ்வளவு பழகினாலும் கண்ணளவு சில இடத்தில் ஏமாற்றும். அங்கே பென்சிலையே அளவுகோலாக்குங்கள். கையை நீட்டி முழங்கையைப் பூட்டிக்கொள்ளுங்கள், ஒரு கண்ணை மூடுங்கள், பென்சில் நுனியைப் பொருளின் மேல் முனையோடு பொருத்தி, கீழ் முனை வரும் இடத்தில் கட்டைவிரலை நகர்த்தி நிறுத்துங்கள். அந்த நீளத்தோடு அகலத்தை ஒப்பிடுங்கள். முழங்கை மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தூரம் மாறி அளவு பொய்யாகிவிடும், கண்ணை மாற்றி மூடினாலும் அப்படியே. இதே காரணத்துக்காகத்தான் ஆல்பிரெக்ட் ட்யூரர் என்ற ஜெர்மன் ஓவியர் 1525இல் வெளியிட்ட மர அச்சுப்படம் ஒன்றில், உட்கார்ந்திருப்பவரைக் கண்ணாடிப் பலகை வழியாகப் பார்த்து அதன்மேலேயே வரைகிறவர், தன் கண்ணை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள ஒரு தாங்கியைப் பயன்படுத்துகிறார். நமக்கு நீட்டிய கையே தாங்கி.

சாய்வு பார்க்க, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். எதற்கு நேர் கீழே எது வருகிறது என்பதற்கும் அதே செங்குத்துப் பென்சில்தான். முகத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: கண்கள் தலையின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியில் இருக்கின்றன. நமக்குக் கண்ணும் வாயும்தான் முக்கியம் என்பதால் நெற்றியையும் உச்சியையும் கஞ்சத்தனமாக வரைந்து கண்ணை மேலே ஏற்றிவிடுவோம். அளந்து பார்த்தால் திரும்பத் திரும்ப இதே தப்பு.

பெரிய இருட்டு, பெரிய வெளிச்சம் எங்கே என்று பார்க்கும்போது கண்ணைப் பாதி மூடுங்கள். விவரங்கள் மறைந்து நாலைந்து திட்டுகள் மட்டும் மிஞ்சும், முதலில் அவற்றைப் போடுங்கள். முடித்த படத்தில் தப்பு தெரியாவிட்டால் அதைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், இடம் வலமாகத் திரும்பியதும் ஒரு மணி நேரமாகக் கண்ணுக்குப் பழகிப்போன கோணல் பளிச்சென்று தெரியும்.

திரையில் வரைகிறவர்களுக்கு

கம்ப்யூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரைகிற, திரை இல்லாத டேப்லெட்டில் கை மேஜையில் இருக்கும், கோடு எதிரே மானிட்டரில் வரும். முதல் நாள் இதில் கையெழுத்துக்கூடப் போட முடியாமல், வாங்கினது தண்டம் என்று பெட்டியில் திரும்ப வைத்துவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். 1890களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உலகத்தையே தலைகீழாகக் காட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டு நாட்கணக்கில் நடமாடினார். ஆரம்பத்தில் ஒரு பொருளை எடுக்கக் கை எதிர்த்திசையில் போனது, சில நாளில் கை தானே சரியான இடத்துக்குப் போகப் பழகிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் டேப்லெட் சின்னத் தொல்லைதான். தினமும் இருபது நிமிடம், முதலில் இரண்டு புள்ளிகளை இணைக்கிற பயிற்சி, அப்புறம் பெரிய வளைவுகள், முகம் கிகம் எல்லாம் பிறகு. டேப்லெட்டை மானிட்டருக்கு நேராக, கோணலில்லாமல் வையுங்கள். டேப்லெட் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் நேர்கோடு சாய்ந்துதான் விழும். டேப்லெட்டின் வரைபரப்பும் திரையும் ஒரே நீள அகல விகிதத்தில் இருக்கும்படி செட்டிங்கில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வட்டம் போட அது முட்டையாக வரும், பழியெல்லாம் கைமேல் விழும்.

ரப்பர் பற்றி

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம்தான், ஆனால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கோடு தப்பாக விழுந்ததும் கை தன்னையறியாமல் ரப்பருக்குப் போகும். அழித்துவிட்டு மறுபடி போட்டால், பத்துக்கு எட்டு முறை அதே தப்பு அதே இடத்தில் வரும், ஏனென்றால் அந்தக் கோட்டை உண்டாக்கிய பார்வை மாறவில்லை, தப்பு எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தையும் அழித்தாயிற்று. தப்பான கோட்டை அப்படியே விடுங்கள். பொருளைப் பார்த்து, இந்தக் கோட்டைவிடச் சரியான விளிம்பு உள்ளேயா வெளியேயா, எவ்வளவு என்று கேளுங்கள், பதில் வந்ததும் பக்கத்திலேயே புதிய கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போடுங்கள். மூன்றாவது கோடும் தேவைப்பட்டால் போடுங்கள். முதலிலிருந்தே 2பி பென்சிலால் லேசாக வரைந்தால் இந்தப் பழைய கோடுகள் கண்ணை உறுத்தாது. சரியான கோடு தாளில் வந்த பிறகு, விருப்பமிருந்தால், பழையதை அழித்துக்கொள்ளலாம். அதுவரை ரப்பர் கைக்கு எட்டாத இடத்தில், அறையின் அந்தக் கோடியில் இருக்கட்டும்.